லாபம், ரெண்டு, மூணு

அம்பு தானாக நகர்ந்தது. வடிவு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மவுஸ் மேசைமேல் சும்மா கிடந்தது. திரையில் மட்டும் அந்த வெள்ளை அம்பு ஒரு பட்டியலைத் திறந்தது, மூடியது, இன்னொன்றைத் திறந்தது, நடுவில் நின்று யோசித்தது. முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து அஞ்சறைப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. அம்பை நகர்த்துகிற ஆள் சென்னையில் இருக்கிறார். நிவேதன் என்று பெயர் சொன்னார். பில் மெஷின் விற்ற கம்பெனியின் ஆள். "மேடம், லைன்லயே இருங்க, மவுஸை மட்டும் தொட்டுறாதீங்க" என்று சொன்னதோடு சரி, அப்புறம் போன் ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டுகிற சத்தமும் எப்போதாவது ஒரு ம்ம்-மும்தான். தொடாதே என்று சொன்ன பிறகுதானே கைக்கு ஊறல் எடுக்கும். வடிவு விரல்களைக் கோத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்காக ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. கீழே இடைவெளியில் தென்காசி மேலரத வீதியின் வெயிலும் போகிற வருகிறவர்களின் கால்களும் தெரிந்தன. கடைக்குள் சாம்பிராணியும் சூடமும் பன்னீரும் கலந்த வாசனை. அவள் மூக்குக்கு அது எப்போதோ மரத்துப்போனது. வீட்டுக்குப் போனால் மகள் பூரணிதான் சொல்லுவாள், நீ வந்தாலே கோயில் வந்த மாதிரி இருக்கும்மா என்று. நாளைக்குத் திருநெல்வேலி வரி ஆபீசில் போய் நின்றால் அங்கேயும் இந்த வாசனை அடிக்குமா. ஆபீசர் நிமிர்ந்து பார்ப்பாரோ. நிமிர்ந்து பார்த்தால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். நான்தான் தப்பா அழுத்திட்டேன் சார். நான்தான் சார், தப்பா. காலையிலிருந்து எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் தப்பா என்கிற இடத்தில் நாக்கு இடறிக்கொண்டே இருந்தது.

அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. இந்தப் பூஜைச் சாமான் கடை அவருடையது. வடிவு இங்கே பில் போடுகிறவள், கல்லாவும் அவள் பொறுப்பு. "ஒரு வார்த்தைதானம்மா. வேற ஒண்ணும் பேசாண்டாம், ஆடிட்டர் பேசிக்கிடுவாரு. நீ நான்தான் தப்பா அழுத்திட்டேன்னு மட்டும் சொல்லிரு" என்று நேற்று சொன்னபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஊதுபத்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்த அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சூடம் வாங்கினவர்களிடம் பில்லில் வாங்கிய வரி ஒன்று, அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டிக் கட்டிய வரி அதைவிடக் குறைவு. மிச்சத்தை யார் முழுங்கியது? நோட்டீஸ் இதை மரியாதையான இங்கிலீஷில்தான் கேட்டிருந்தது, ஆனால் கேட்டது இதைத்தான். இன்னொரு வேடிக்கையும் அதில் இருந்தது. குங்குமத்துக்கு வரியே கிடையாது, ஜனங்களிடம் வாங்கவும் இல்லை, அதற்கு மட்டும் மாதா மாதம் கைக்காசைப் போட்டு வரி கட்டியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. கடையில் பில் போடுகிற மெஷின் ஒன்று, கணக்கு வைக்கிற சாப்ட்வேர் வேறொன்று. கடை சாத்தும்போது இதில் இருப்பதை அதில் ஏற்றிவிட்டுப் போவது வடிவின் வேலை. பெரிய வேலை, ஒரே ஒரு பொத்தான்! இரண்டு அம்புகள் ஒன்றின் வாலை ஒன்று துரத்துகிற மாதிரி வட்டமாகப் படம் போட்டிருக்கும். அழுத்தினால் வட்டம் சுற்றும், நின்றதும் பச்சை டிக் விழும், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். இதில் தப்பாக எப்படி அழுத்துவது? ஆனால் அழுத்தியது அவள் விரல்தானே, வேறு யார் விரலும் அதில் பட்டதில்லையே. ஆடிட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். வேலைக்காரியின் கைத்தவறு என்றால் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வந்துவிடலாம், முதலாளி தெரிந்தே செய்தார் என்று ஆகிவிட்டால் விவகாரம் எங்கேயோ போய்விடும் என்றார். நியாயம்தான். கேட்ட எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி குரலை இறக்கிக்கொண்டு, "அப்புறம் கொஞ்ச நாளு வீட்டுல இரும்மா. ஊரு வாயி அடங்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ? கல்லாவில் இருந்தவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் இந்த வீதி என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாதா. கைத்தவறு என்று எவன் சொல்லப்போகிறான். கை வைத்துவிட்டாள் என்றுதான் சொல்லுவான். இரண்டும் கையில்தானே ஆரம்பிக்கிறது, காதில் விழும்போது ஒன்றாகிவிடும். எதிர்த்த பாத்திரக் கடையில் இருந்த ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார்கள், பாவம், அவள் எடுத்தாளோ இல்லையோ, அதற்கப்புறம் ஒரு கடையிலும் அவளைக் கல்லாவுக்குக் கிட்டத்தில் விடவில்லை, தெப்பக்குளத்துப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி வடிவும்தான் அன்றைக்கு உச்சுக்கொட்டினாள். எடுக்காமலா அனுப்புவாக என்று கேட்டவள் அவள்தான். வடிவிடம் சொத்து என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், கைச்சுத்தம். அண்ணாச்சியே வாயாரச் சொல்லியிருக்கிறார், வருகிற வியாபாரிகளிடமெல்லாம், வடிவு இருக்கையில நான் கல்லாவ திரும்பிப் பாக்கதில்ல என்று. அந்த வாயால்தான் இதையும் சொல்கிறார். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியுமா? பூரணி காய்ச்சலில் விழுந்து கண் திறக்காமல் கிடந்தபோது தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடினவர் யார்? வடிவின் வீட்டுக்காரர் அன்றைக்கு லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருந்தார், போனும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி வெறும் தரையில் உட்கார்ந்து தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கிறார். ஒரு வார்த்தைதானே. நான்தான் தப்பா. ஒருவேளை உண்மையிலேயே தப்பாக அழுத்தியிருந்தால்? கரண்ட் போய்ப் போய் வந்த அந்த மழைக்கால சாயங்காலங்களில் வட்டம் பாதியில் நிற்க, அவள் திரும்ப அழுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள். பஸ் போய்விடுமே என்கிற அவசரத்தில் பச்சை டிக் விழுந்ததா என்று பார்க்காமலே ஓடின நாளும் உண்டு. அப்படி ஓடின நாளில்தான் சூடம் வரியைத் தொலைத்ததோ? விரல் செய்வது எல்லாம் மனதுக்குத் தெரிகிறதா என்ன. அவள் பில் போடும்போது மெஷினைப் பார்ப்பதே இல்லையே. வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள், கீழே விரல் பாட்டுக்கு ரெண்டு என்று திருநீற்றை அழுத்தும், மூணு என்று குங்குமத்தை அழுத்தும், நாலு என்று சூடத்தை அழுத்தும். அந்த விரலை நம்பித்தானே இத்தனை காலம். இப்போது மடியில் கோத்துக்கொண்டு கிடக்கிற விரல்களைப் பார்த்தால் யாருடையவோ போல இருந்தன. பயமாக இருந்தது. வாய்விட்டு அழுதால் தேவலை போல இருந்தது, போனில் ஆள் இருக்கிறாரே.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"ஒண்ணாம் நம்பர்ல லாபம்னு ஒரு ஐட்டம் இருக்கே. விலை பூஜ்யம். அது என்ன பொருள்? ஊதுபத்தி பிராண்டா?"

வடிவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. லாபத்தை என்ன பொருள் என்று கேட்டால்? "பொருள் இல்ல சார். முதல்ல சொல்லுதது" என்றாள். புரியவில்லை மேடம் என்றார். "போணிக்கு சார். கடை தொறந்ததும் முதல் பில்லுல அத அழுத்திட்டுத்தான் மத்தது. காலையிலயும், மத்தியானம் ஷட்டர் தூக்கினதுக்கு அப்புறமும்." ஓ, டம்மி ஐட்டம் என்று சொல்லிக்கொண்டே அவர் எதையோ தட்டினார். டம்மி என்றது அவளுக்குச் சுருக்கென்றது. லாபத்தைப் போய் டம்மி என்கிறாரே. யாராவது ஒண்ணு என்று எண்ணுவார்களா? முதல் படி அளந்தால் லாபம், அப்புறம்தான் ரெண்டு, மூணு. அண்ணாச்சி தேங்காய் எண்ணினாலும் அப்படித்தான், அவள் வீட்டில் உலைக்கு அரிசி அளந்தாலும் அப்படித்தான். பூரணி அவள் இடுப்பில் இருந்து அதைக் கேட்டுக் கேட்டே எண்ணப் பழகினவள். ஒண்ணாம் வகுப்பில் டீச்சர் எண்ணச் சொன்னதும் லாபம், ரெண்டு, மூணு என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் கூப்பிட்டு விட்டு, ஏம்மா, பிள்ளையைச் செட்டியார் கடையிலயா வளக்கிறீங்க என்று கேட்டாள். சாயங்காலம் முழுக்கப் பிள்ளைக்கு ஒண்ணு, ஒண்ணு என்று சொல்லிக் கொடுத்தும், தூக்கத்தில் லாபம் என்றுதான் உளறியது. அதை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு! இந்தப் பில் மெஷின் வந்த அன்றைக்கும் அவர் அப்படித்தான் சிரித்தார். மெஷினுக்குச் சந்தனம் வைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து (அந்தப் பொட்டு இன்னும் கருத்துப்போய் அதன் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது), சூடம் காட்டி, பொருள்களை வரிசையாக ஏற்ற வந்தவரைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்ணுல எதையும் போடப்பிடாது கேட்டீரா. ஒண்ணு லாபம். அத நான்தான் போடுவேன்" என்று திருநீறு ஒட்டின ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். லா வந்தது, ப வந்தது, ம்-க்குப் புள்ளி கிடைக்காமல் வெகுநேரம் தேடினார். முதல் பில் லாபம் என்று அச்சாகி வந்ததும் அதைச் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்தார். வெயிலில் எழுத்தெல்லாம் மங்கி இப்போது அது வெறும் வெள்ளைத் தாள்.

"மேடம், இங்கதான் இருக்கு. கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் நிவேதன். அவர் குரலில் முதல் முறையாக உயிர் வந்திருந்தது. "உங்க பில் மெஷின்ல ஒண்ணு லாபம், ரெண்டு திருநீறு, மூணு குங்குமம், நாலு சூடம். கணக்கு சாப்ட்வேர்ல இந்த லாபமே கிடையாது. அங்க ஒண்ணு திருநீறு, ரெண்டு குங்குமம், மூணு சூடம். புதுசா இதை மாட்டினப்போ ரெண்டையும் வரிசை நம்பர் வச்சுத்தான் இணைச்சிருக்காங்க. நீங்க அந்தப் பொத்தானை அழுத்தி சிங்க் ஆகும்போது பேரைப் பார்க்காது மேடம், நம்பரைத்தான் பார்க்கும். நீங்க குங்குமம்னு அனுப்பறது அங்க சூடமா போய் விழுது."

"அப்ப சூடம்?"

"சாம்பிராணியா விழுது. அதுக்கு வரி கம்மி. எல்லாமே ஒரு இடம் தள்ளி விழுந்திருக்கு. நீங்க அழுத்தினதுல ஒரு தப்பும் இல்ல. யார் அழுத்தியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

யார் அழுத்தியிருந்தாலும். வடிவுக்கு நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. என் விரல் இல்லை. என் விரல் இல்லை. எழுந்து நின்றுவிட்டாள், திரும்ப உட்கார்ந்தாள். மழைக்கால சாயங்காலங்கள், பஸ், பார்க்காமல் விட்ட பச்சை டிக் எல்லாம் ஒரேயடியாக அவளை மன்னித்துவிட்டன. நாளைக்குப் போக வேண்டாம், அந்த ஆபீசர் முன்னால் நிற்க வேண்டாம், பூரணியிடம் பொய் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அண்ணாச்சி வந்ததும் சொல்லிவிடலாம். சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? தப்பு லாபத்தில் இருக்கிறது என்றா? லாபத்தைப் போட்டது யார் என்று அவர் கேட்பாரா, கேட்க வேண்டியதே இல்லையே, திருநீறு ஒட்டின அந்த விரல் அவருடையதுதானே. நீங்கதான் அண்ணாச்சி. நீங்கதான். இந்த வாக்கியம் முந்தின வாக்கியத்தைவிட மோசம், முதல் சொல்லிலேயே நாக்கு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் நீங்கதான் என்று எப்படிச் சொல்வது? வேறு யாராவது சொல்லிவிட்டால் தேவலை. சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"சார், இது யாரு தப்புன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"யார் தப்புன்னெல்லாம் எங்க சைடுல எழுதறதில்ல மேடம்" என்றார் அவர், கனிவாகத்தான். "சரி பண்ணிட்டு உங்க கம்ப்ளெயின்ட் டிக்கெட்டை குளோஸ் பண்ணிடுவேன். உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும், நல்ல ரேட்டிங் குடுத்துருங்க. இந்த லாபத்தை டெலீட் பண்ணிடவா?"

அந்த நேரத்துக்குத்தான் ஷட்டருக்குக் கீழே அண்ணாச்சியின் செருப்பு தெரிந்தது. குனிந்து உள்ளே வந்தவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "எதை டெலீட் பண்ணப்போறான்?" என்றார். போன்தான் பதில் சொன்னது. "சார், வணக்கம். ஒண்ணாம் நம்பர்ல லாபம்னு ஒண்ணு போட்டிருக்கு பாருங்க, எல்லாப் பிரச்சினையும் அதனாலதான்" என்று ஆரம்பித்து அவர் அத்தனையையும் முதலிலிருந்து விளக்கினார். குங்குமம் சூடமானதை, சூடம் சாம்பிராணியானதை, யார் அழுத்தியிருந்தாலும் என்பதையும்கூட. வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டார், நான் சொல்லவில்லை, அவராகவே சொல்லிவிட்டார். இனிமேல் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். அண்ணாச்சி முக்காலியில் உட்கார்ந்தார். மெஷினின் தலையில் கருத்துக் கிடந்த பொட்டைப் பார்த்தார். சாமி படத்துக்குக் கீழே இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார். முகம் சின்னப்பிள்ளை முகமாகச் சுருங்கிப்போனது, அதைப் பார்த்ததும் வடிவுக்குத் தன் பயம்கூட மறந்து அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதுதான் அவளுடைய கேடு.

"எடுக்காண்டாம்" என்றார் அண்ணாச்சி கடைசியில். "அத எடுத்தா வெளங்குமா. வேற வழி இருக்கான்னு கேளு."

வேற வழி இருந்தது. லாபத்தை அழிக்காமல் பட்டியலின் கடைசியில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், மற்றதெல்லாம் ஒவ்வோர் இடம் மேலே ஏறிக்கொள்ளும், இரண்டு பக்கமும் பொருந்திவிடும் என்றார் நிவேதன். லாபத்தைக் கடைசியிலா என்று அண்ணாச்சி முனகினார், ஆனால் தலையை அசைத்தார். அம்பு ஓடியது, பட்டியல் ஒரு குலுக்குக் குலுங்கியது, முடிந்தது. "இனிமே போறது சரியா போகும் சார். பழசு பழசுதான், அது உங்க ஆடிட்டர்தான் பார்க்கணும்" என்று சொல்லி அவர் போனை வைத்தார். அம்பு செத்துப்போய் திரை நடுவில் நின்றது. வடிவு காத்திருந்தாள். அண்ணாச்சி துண்டை மடித்தார், உதறினார், திரும்ப மடித்தார்.

"லாபம்னு போட்டதால கணக்கு மாறிட்டுன்னு ஆபீசர்கிட்ட போயி எப்படிம்மா சொல்லுதது? சிரிப்பான்லா. நம்புவானா?"

வடிவு மேசைமேல் கிடந்த மவுஸை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நாளைக்கு நாம பேசின மாதிரியே இருக்கட்டும். என்ன?"

"சரி அண்ணாச்சி."

சரி என்றது யார்? அவள் யோசிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் வாய் சொல்லிவிட்டது. யார் அழுத்தியிருந்தாலும் என்று அவரும் கேட்டாரே, காதால் கேட்டாரே. கேட்டுவிட்டும் கேட்கிறார். அப்படியானால் முன்னால் கேட்டபோதாவது அவருக்குத் தெரியாது, இப்போது தெரிந்தே கேட்கிறார், அவளும் தெரிந்தே சரி என்கிறாள். இல்லை என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே சொல்லலாம், அண்ணாச்சி ஒரு நிமிஷம் என்று ஆரம்பித்தால் போதும். அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கினார். கடகடவென்ற சத்தத்தோடு வெயில் உள்ளே விழுந்தது, வடிவுக்குக் கண் கூசியது. காத்திருந்த மாதிரி ஒரு அம்மாள், கூடையும் கையுமாகப் படியேறி வந்தாள். சூடம் ஒரு பாக்கெட் என்றாள், கோயிலில் கூட்டம் எப்படி என்று வடிவு கேட்டாள், பிரதோஷமில்லா இன்னைக்கு, நிக்க இடமில்ல என்றாள் அந்த அம்மாள், வடிவு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், பாக்கெட்டை எடுத்து வைத்தாள், கீழே விரல் பாட்டுக்கு எப்போதும் போல லாபத்துக்கு ஒண்ணை அழுத்தியது, சூடத்துக்கு நாலை அழுத்தியது. மெஷின் பில்லைத் துப்பியது. அண்ணாச்சி போணித் தாள் என்று ஆசையாகக் கிழித்து எடுத்தார்.

திருநீறு என்று இருந்தது அதில். அதற்குக் கீழே சாம்பிராணி.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது, ஆஸ்பத்திரியில் பூரணி கண் திறந்தாள் என்று டாக்டர் வந்து சொன்னபோது தெளிந்த அதே மாதிரி. கோபமே இல்லாமல், பெரிய பாரம் ஒன்று இறங்கினவரைப் போல, "பாத்தியாம்மா" என்றார். "நீ தப்பாத்தானே அழுத்துத."

வடிவு மெஷினைப் பார்த்தாள். மடியில் கோத்து வைத்திருந்த அதே விரல் இன்னும் நாலின்மேல்தான் இருந்தது.

"நான்தான் தப்பா அழுத்திட்டேன்" என்றாள். ஓரிடத்திலும் இடறவில்லை.

"இப்படியே சொல்லு நாளைக்கு" என்றார் அண்ணாச்சி.